ஒழுக்கு நின்ற பிறகு

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு வளர்மதி எழுதுவது. நானும் அத்தையும் சுகம். மஸ்கட்டில் இந்நேரம் வெயில் ஏறியிருக்கும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். வியாழக்கிழமை பேசி வைத்ததிலிருந்து உங்கள் போனை நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீங்கள் பேசுவீர்கள், நீங்கள் பேசினால் நான் இளகிவிடுவேன். கடிதத்தில் உங்களால் நடுவில் புகுந்து பேச முடியாது. நாளை அங்கே கிளம்புகிற பாண்டுரங்கன் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மாசி மாதம் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? என்னைப் பெற்ற நைனாவின் அம்பாசிடரில் எண்ணெய் ஒழுகி ஷெட் தரையெல்லாம் கறையாகிறது என்று நான்தான் புலம்பினேன். அதற்கு நீங்கள், "மெக்கானிக் கிட்ட விட்டா வண்டியக் குதறிடுவான். நீயே செய் வளரு, நான் வீடியோவுல சொல்லித் தரேன். லீக் மட்டும் நின்னுட்டா, சித்திரையில லீவுக்கு வந்ததும் நாம ரெண்டு பேரும் அதுலயே பனமலை ஏரிக்குப் போவலாம்" என்றீர்கள். நைனா போனபிறகு அந்த வண்டியைப் பற்றி நீங்கள் ஆசையாகப் பேசியது அன்றுதான். பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி அவர் ஓட்டிய டாக்சி அது. அவர் எனக்கென்று விட்டுப்போனதும் அது ஒன்றுதான். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது.

கீழே சொட்டுவதால், என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி, அந்தச் சம்ப்பின் பேக்கிங்தான் போயிருக்கும் என்றீர்கள். பழைய எண்ணெயை வடித்து, சம்ப்பைக் கழற்றி, ஒட்டிக்கிடந்த பழைய தக்கை பேக்கிங்கைச் சுரண்டி, புதுசு வைத்தேன். மறுநாள் காலையில் கீழே விரித்திருந்த பேப்பரில் மறுபடியும் சொட்டு. உட்கார்ந்து அழுதேன். பிறகு நீங்கள் சொன்னபடி என்ஜினை டீசல் போட்டுத் துடைத்துக் காயவைத்து, என் முகப் பவுடரையே தூவி, வண்டியை ஓடவிட்டேன். வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு மெதுவாக இறங்கி வந்தது. ஒழுக்கு அடியில் இல்லை. பக்கவாட்டில், புகைக்குழாய்க்குப் பின்னால் இருக்கும் சின்ன மூடியில். அதன் பேக்கிங் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அந்தச் சந்தில் பெரிய கை நுழையாது. என் கை நுழைந்தது, புதுசை வைத்து இறுக்கினேன், விரல் முட்டியில் தோல் போனதுதான் மிச்சம். "ரொம்ப இறுக்காத, மூடி வளைஞ்சுட்டா ஒழுக்கு நிக்காது" என்று நீங்கள் பதறினீர்கள். எனக்காகப் பதறுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

டார்ச் பிடித்தது அத்தைதான். "இன்னாத்துக்குடி இத்தினி மெனக்கெடுற, கையெல்லாம் புண்ணாக்கிக்கினு" என்று முனகிக்கொண்டே இருந்தார்கள். என் மேல் உள்ள பாசம் என்று அதையும் எடுத்துக்கொண்டேன்.

பேப்பர் காய்ந்தபடியே இருந்த காலையில் அதைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் கைதட்டும் பொம்மை அனுப்பினீர்கள்.

வியாழக்கிழமை புதுச்சேரியிலிருந்து கமலேஷ் என்பவர் வந்தார். வந்ததும் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். "லீக் நின்னுடுச்சுன்னு சார் போட்டோ அனுப்புனாரு. எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். எதை என்று கேட்டேன். "வண்டியத்தாம்மா. பொங்கலுக்கே பேசி முடிச்சாச்சே. எங்க ஓட்டல் வாசல்ல நிறுத்தப் போறோம். ஓட்ட மாட்டோம், சும்மா அழகுக்கு. புது டைல்ஸ் போட்டிருக்குது, எண்ணெய் சொட்டக் கூடாதுன்னு நான்தான் சார் கிட்ட கண்டிஷனா சொன்னேன்."

அந்தப் போட்டோவைக் காட்டச் சொன்னேன். நான் எடுத்ததுதான். ஓரத்தில் என் கால்விரல் தெரிகிறது.

திரும்பினேன். அத்தை தலையைக் குனிந்துகொண்டார்கள். "எனக்குத் தெரியும்டி. வீட்டுக்கு மாடி எடுக்கணும்னு விக்கிறான். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலை மேல சத்தியம் வாங்கிக்கினான்" என்றார்கள். "வண்டி என் பேர்ல இருக்குதுங்க, நான் விக்கல" என்று மட்டும் கமலேஷிடம் சொன்னேன். அந்த மனிதர் சங்கடப்பட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்டது அவர் ஒருவர்தான்.

உடனே உங்களுக்குப் போன் செய்தேன். "கேட்டா நீ ஒத்துக்க மாட்ட, அதான் வேல முடியட்டும்னு இருந்தேன்" என்றீர்கள். வேலை என்று என் வேலையைத்தான் சொன்னீர்கள். ஆமாம், ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன். பிறகு மாடிக்காக மனசு மாறியும் இருப்பேனோ என்னவோ. இனி அது எனக்கே தெரியப்போவதில்லை. விற்கப் பேசியதைக்கூட மறந்துவிடலாம். ஏரிக்குப் போகலாம் என்று எதற்குச் சொன்னீர்கள்? வண்டியைச் சரிசெய் என்று மட்டும் சொல்லியிருந்தாலே செய்திருப்பேனே.

நேற்று நானே ஓட்டிக்கொண்டு போய், தளவானூரில் என் அக்கா ஜெயக்கொடி வீட்டுக் களத்தில் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். வழியில் எதுவும் ஒழுகவில்லை. அக்கா என்னையும் இருந்துவிடச் சொன்னாள். இல்லை என்று வந்துவிட்டேன். அத்தை வியாழக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து போட்டால்தான் சாப்பிடுகிறார்கள்.

சித்திரையில் வாருங்கள். வர வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. வருவதற்கு முன்னால் ஒன்று மட்டும். எனக்குத் தெரியாமல் இன்னும் ஏதாவது பேசி முடித்திருந்தால், அது எதுவாக இருந்தாலும், உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். கேட்கிற தெம்பு எனக்கு இருக்கிறது. வேற்று மனிதர் சொல்லிக் கேட்கத்தான் இல்லை.

கடவுள் உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
வளர்மதி