இரண்டு படைப்பிரிவும் ஒரு சட்டைப்பின்னும்

செப்டெம்பர் 8, திங்கள்

மழை. கெல்சென்கிர்ச்சனிலிருந்து மூன்று ரயில், கடைசியில் ஒரு பஸ். பஸ்ஸில் நானும் என் பையும் மட்டும்.

வருடத்தில் சில கிழமைகள் நான் ஜெர்மன் ரிசர்வ் படையில் ஹெலிகொப்டர் மெக்கானிக். மற்ற நாட்களில் லிப்ட் திருத்துகிறவள். இந்தக் கிழமையோடு எங்கள் பிரிவும் தெற்கிலிருந்து வந்திருக்கும் பிரிவும் ஒன்றாகின்றன. ரிசர்வ் மெக்கானிக்குகள் ஒன்பது பேர். புதிய பிரிவில் இடம் ஐந்து. பட்டியலை சனிக்கிழமை வாசிப்பார்களாம். பதினொரு வருடம் வந்து போன இடம். என் பெயர் அதில் வரவேண்டும். வேறு ஒரு வேண்டுதலும் இப்போதைக்கு இல்லை.

கொண்டு வர மறந்தவை: குளியலறையில் போடும் செருப்பு, மிளகாய்த்தூள். இரண்டாவதுதான் பெரிய இழப்பு.

செப்டெம்பர் 9, செவ்வாய்

மழை விட்டது. குளிர்.

இரண்டு பிரிவுகளின் கருவிப் பெட்டிகளையும் ஒரே சுவரோரம் அடுக்கினோம். ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவத்தில் ஒரு குழி. கருவியை எடுத்தால் அந்தக் குழியில் உன் இலக்கம் போட்ட பித்தளை வில்லையை வைக்க வேண்டும். மாலையில் ஒரு குழி வெறுமையாக இருந்தாலும் ஒருவரும் வெளியே போக முடியாது, ஒன்றும் பறக்காது. ஹெலிகொப்டர் நிற்கும் ஹாங்கருக்குள் நுழையும்போது சட்டைப்பையும் காலியாக இருக்க வேண்டும். நாணயம், பேனா மூடி, மோதிரம், எல்லாம் வாசல் பெட்டியில்.

என் வில்லை 17. தெற்குக்காரர் யென்ஸின் வில்லையும் 17. நாணயம் சுண்டினோம், அவர் வென்றார். எனக்கு 31. மதியத்துக்குள் இரண்டு தடவை 17க்குக் கை போய்விட்டது. யென்ஸ் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும். கோப்பி மெஷின் எங்களுடையதுதான் தங்குகிறது.

செப்டெம்பர் 10, புதன்

வெயில்! பெரிய கதவைத் திறந்து வைத்து வேலை.

ஹெலிகொப்டரின் சுழலிக்குக் கீழே இருக்கும் கியர் பெட்டியைத் திறந்தோம். எத்தனையாவது தடவை என்று எனக்கே தெரியாது. ஆனாலும் மூடி விலகியதும் ஒரு கணம் வாய் திறந்தபடி நின்றேன். இத்தனை தொன் எடையை அந்தரத்தில் பிடித்திருப்பது இவ்வளவுதானா, பல்லோடு பல் கடித்து நிற்கும் இந்தச் சக்கரங்களா? லிப்டில் மேலே கயிறு இருக்கிறது. இதற்கு மேலே ஒன்றுமில்லை.

பின்னேரம் அம்மாவோடு போனில் கதைத்தேன். ஆஸ்பத்திரி ஹெலிகொப்டர் இன்றும் வீட்டுக்கு மேலால் போனதாம். "படிக்குக் கீழ நிண்டனான். பிறகு வந்து சோறு வடிச்சனான்." முப்பத்தைந்து வருடமாக அம்மாவுக்கு அது மாறவில்லை. யாழ்ப்பாணத்தில் ஹெலிச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிய கால் அது. நான் செய்யும் வேலையைப் பற்றி அம்மா ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஒரு நாளும் வந்து பார்த்ததுமில்லை. சனிக்கிழமை குடும்பத்தாரும் வரலாம் என்று சொன்னேன். "பாப்பம், பிள்ளை." அப்படியென்றால் வரமாட்டா என்று அர்த்தம்.

செப்டெம்பர் 11, வியாழன்

ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

நான்கு மணி. வேலை முடிந்து, கருவிகள் எண்ணி, எல்லாம் சரி. உடைமாற்றும் அறையில், வீட்டிலிருந்து கொண்டுவந்து இன்றுதான் போட்ட மேலாடையைக் கழற்றினேன். உள்பக்கத்தில் வெள்ளைத் தூள். தொட்டுப் பார்த்தால் திருநீறு. கடதாசிப் பொட்டலம் ஒன்று கிழிந்து தொங்குகிறது. துணியில் ஊசி குத்திய இரண்டு துளை.

உடனே போன்.

"அம்மா, என்ர உடுப்புக்குள்ள என்ன வைச்சனீங்கள்?"

"திருநீறு. உனக்கு அந்த இடம் கிடைக்கோணுமெண்டு."

"எதால குத்தினனீங்கள்?"

"சட்டைப்பின்னால. வேற எதால குத்துறது?"

"எத்தினை?"

"ஒண்டு. இல்லை, பொறு... ஓம், ஒண்டுதான். சின்னன். ஏன் பிள்ளை?"

அந்தச் சட்டைப்பின், சேலைக்குக் குத்தும் ஊக்கு, உடையில் இல்லை. தரையில் இல்லை. சப்பாத்துக்குள் இல்லை. நாள் முழுக்க நான் அந்தக் கியர் பெட்டிக்கு மேல் குனிந்து நின்றிருக்கிறேன்.

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மையை எழுதுகிறேன். ஒரு நிமிடம் யோசித்தேன். ஒருவருக்கும் தெரியாது. பட்டியலுக்கு இன்னும் இரண்டு நாள். பிறகு நாளைக்கு அந்த ஹெலிகொப்டரில் பறக்கப்போகும் நால்வரின் முகமும் வந்தது. எழும்பிப் போய் பெர்க்மானின் கதவைத் தட்டினேன். தொழில்நுட்பப் பொறுப்பாளர் அவர். பட்டியலை எழுதுவதும் அவர்தான்.

"என் உடையில் ஒரு சட்டைப்பின் இருந்தது. இப்போது இல்லை."

ஏன் இருந்தது என்று அவர் கேட்கவில்லை. "எவ்வளவு நீளம்?" என்று மட்டும் கேட்டார். பிறகு மணியை அடித்தார்.

இருபத்தாறு பேர் திரும்பி வந்தார்கள், பாதிப்பேர் ஏற்கனவே காரில் ஏறியிருந்தவர்கள். தோளோடு தோள் வரிசையாக நின்று தரை முழுக்க நடந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இரண்டு பிரிவுக்காரரும் ஒரே வரிசையில். இந்தக் கிழமை நடந்த கூட்டங்கள் எதிலும் அவர்கள் அப்படிக் கலந்து நின்று நான் பார்க்கவில்லை.

பிறகு ஹெலிகொப்டரின் மூடிகளைத் திறந்தார்கள். மூன்றாவது மூடிக்குள், கியர் பெட்டிக்கு ஒரு சாண் கீழே, யென்ஸ் கண்ணாடியும் காந்தக் கம்பியும் விட்டு எடுத்தார். வாய் திறந்தபடி அம்மாவின் சட்டைப்பின். என் உள்ளங்கையில் வைத்தார். அரைக் கிராம் இருக்குமா?

பெர்க்மான் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. என் இடம் போயிற்று என்றுதான் நினைக்கிறேன்.

செப்டெம்பர் 12, வெள்ளி

முகில். காலையில் மூடிகளைப் பூட்டி, மறுபடி சோதித்து, மறுபடி கையொப்பம். பறப்பு இன்றிலிருந்து நாளைக்குப் போய்விட்டது. எல்லாம் என்னால்.

மதியம் அம்மாவுக்கு முழுக்கதையும் சொன்னேன். ஏசத்தான் எடுத்தேன், முதல் வசனத்திலேயே கோபம் வடிந்துவிட்டது.

"நான்தானே பிள்ளை எல்லாரையும் விழுத்தப் பாத்தனான்?"

"கண்டுபிடிச்சிட்டம், அம்மா."

"எத்தினை பேர் தேடினவை?"

"இருவத்தாறு."

"ஒரு பின்னுக்கோ?"

"ஓம், ஒரு பின்னுக்குத்தான்."

"எங்கட தலைக்கு மேல பறந்தவங்கள் ஒண்டையும் எண்ணேல்லை," என்றார். பிறகு, "நாளைக்கு எத்தினை மணிக்கு? ரயிலைப் பாத்துச் சொல்லு. வாறன்."

செப்டெம்பர் 13, சனி

வெயில், மெல்லிய காற்று. பஸ் தரிப்பிடத்தில் அம்மா, நீலச் சேலையில். கையில் ரோல்ஸ் நிறைந்த டப்பா. காலையில் நான்கு மணிக்கு எழும்பிப் பொரித்ததாம்.

பத்து மணிக்குப் பட்டியல். ஐந்து பெயரில் என்னுடையது நாலாவது. பெயருக்குப் பக்கத்தில்: கருவி அறைப் பொறுப்பு. எண்ணுகிற வேலை. எனக்குப் புரியவில்லை என்று பெர்க்மானுக்கு விளங்கியிருக்க வேண்டும். "தன் பிழையைத் தானே வந்து சொல்பவரிடம்தான் நான் கருவி அறையின் திறப்பைக் கொடுப்பேன்," என்றார். என் கையில் புதிய பிரிவின் புதிய பதிவேடு. அட்டை இன்னும் மடங்கவில்லை, புதுக் கடதாசி வாசனை. அழுதேன், கொஞ்சம்தான்.

நண்பகலிலிருந்து என் பொறுப்பு நடைமுறைக்கு வருகிறது. வாசல் பெட்டியருகே பொறுப்பாக நின்றேன். அம்மாவின் முறை வந்தது. கைப்பையை வைத்தார், காப்பைக் கழற்றினார். பிறகு சேலையைத் தோளிலிருந்து கொசுவம் வரை தடவித் தடவி எண்ணினார்.

"ஒன்பது பின். கழட்டேலாது, சீலை நிக்காது. போகேக்க திருப்பி எண்ணு."

ஹெலிகொப்டர் எழும்பும்போது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது. கால் இரண்டும் ஓடப் பார்த்தன, எனக்குத் தெரிந்தது. ஓடவில்லை. தலையைத் தூக்கி, அது மேலே போய்ச் சின்னதாகும் வரை பார்த்தார். பிறந்ததிலிருந்து அம்மாவோடு இருக்கிறேன், அம்மாவைப் பார்த்து நான் மலைத்துப் போனது இன்றைக்குத்தான்.

வெளியே வரும்போது மறுபடி எண்ணினோம். எட்டு. மறுபடி. எட்டு. கொசுவத்துப் பின் இல்லை.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா நடந்துவிட்டார். சீருடைக்காரரைக் கண்டால் தலை குனிந்து பாதையின் மற்றப் பக்கம் போகிற என் அம்மா, நேரே பெர்க்மானுக்கு முன்னால். இடது கையால் கொசுவத்தைப் பிடித்தபடி, உடைந்த ஜெர்மனில்: "மன்னிக்க வேண்டும். என் ஊசி ஒன்று இல்லை. தயவுசெய்து, இன்னும் பறக்க வேண்டாம்."

பெர்க்மான் அடுத்த பறப்பை நிறுத்தினார். மணி அடித்தது.

மெக்கானிக்குகள், விமானிகள், அவர்களின் மனைவிமார், பிள்ளைகள், எல்லாரும் குனிந்து புல்லையும் தரையையும் பார்த்தபடி நடந்தார்கள். அம்மா மட்டும் நடுவில் நிமிர்ந்து நின்றார்.

யென்ஸின் மகள் எடுத்தாள், தடுப்புக் கயிற்றுக்குப் பக்கத்தில்.

புதிய பதிவேடு, முதல் பக்கம், முதல் வரி: சட்டைப்பின், ஒன்று. காணாமல் போனது 13.10. கிடைத்தது 13.32. அறிவித்தவர் என்ற கட்டத்தில் அம்மா தானே கையெழுத்து வைத்தார், தமிழில்.