பதினோராவது கட்டம்

அன்புள்ள பெரியவளுக்கு,

துணி சார்ந்த பணிகளில் நீண்ட அனுபவம் உள்ள வெளி நிறுவனத்தின் முதலாளி, மேலாளர், கூட்டிப் பெருக்குகிறவள் எல்லாமாகிய உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நிறுவனத்தில் அனைவரும் சௌக்கியம், தையல் மிஷினுக்கு மட்டும் லேசான இருமல், எண்ணெய் விட்டிருக்கிறேன். அங்கே நீயும் உன் ராக்கெட்டும் எப்படி இருக்கிறீர்கள். என் இரண்டு கையும் உன் பாராசூட்டில் மாட்டியிருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். சொன்னதை மட்டும் எழுதுடி என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். (நான்கு தடவை. இப்படிக்கு, உன் தங்கை வாலு.) போனிலேயே பேசியிருக்கலாம், ஆனால் போன் என்றால் நீ மீட்டிங்கில் இருக்கேன்மா என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. தவிர, நீ அனுப்பிய படிவம் பேனாவில் கையெழுத்துப் போட்டுத் தபாலில்தான் வர வேண்டுமாமே, அதே உறையில் இதற்கும் இடம் இருந்தது.

போன வாரம் உங்கள் ராக்கெட் போட்டியின் கூட்டுப் பட்டறையை நேரலையில் காட்டியபோது நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். உன் அப்பா தபால் ஆபீஸில் பார்சல் கவுன்டரை யாரிடமோ ஒப்படைத்துவிட்டுச் சீக்கிரம் வந்து, முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார், நீ அங்கிருந்து அவரைப் பார்க்கப் போகிற மாதிரி. ஐந்து கல்லூரிகளின் பிள்ளைகள் ஒரே கூடத்தில் கல்லூரிக்கொரு மேஜை போட்டுக்கொண்டு, இவர்கள் பசையை அவர்கள் வாங்கி ஒட்டுவதும், அவர்கள் கணக்கில் உள்ள தப்பை இவர்கள் திருத்துவதுமாக இருந்தீர்கள். இதற்குப் பெயர் போட்டியாம். என் தெருவில் இரண்டு தையல்கடைக்காரர்கள் ஒரு நூல்கண்டை மாற்றிக்கொண்டு நான் பார்த்ததில்லை. பிறகு அந்த நடுவர் அம்மாள் உன் மேஜைக்கு வந்தார். உன் பக்கத்தில் நின்ற நெட்டைப் பையன், ராக்கெட்டின் மூக்கை எங்கள் மாமா பட்டறையில் கடைந்தோம் என்று தூக்கிக் காட்டினான். அடுத்து, பாராசூட் யார் செய்கிறார்கள் என்று உன்னிடம் கேட்டார். நான் தலையை ஒதுக்கிக்கொண்டு, கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூட எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். துணி சார்ந்த பணிகளில் நீண்ட அனுபவம் உள்ள ஒரு வெளி நிறுவனம் என்று நீ சொன்னாய். யாரோ பெரிய ஆட்கள் போலிருக்கிறது என்று ஒரு நிமிஷம் நானே நம்பிவிட்டேன். உன் அப்பா டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் ரொம்பக் கவனமாகப் பார்த்தார். வாலு எழுந்து நின்று, நிறுவனத்தாருக்குக் காப்பி வேண்டுமா என்று கேட்டது. இருபது வருஷமாகத் தைக்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கே கொஞ்சம் தைத்தது. சரி, அதை விடு.

பாராசூட் விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய துணி வெங்காயத் தோல் மாதிரி இருக்கிறது, ஊசி முனை கொஞ்சம் மழுங்கினாலும் இழுத்துவிடுகிறது, அதற்காகவே புது ஊசி போட்டேன். எட்டுத் துண்டையும் உன் படத்தின்படி மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டித் தைத்து, கயிறெல்லாம் கோர்த்து, உன் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் ஊரார் பார்சலை எல்லாம் நிறுத்துப் பழகிய கை, ஆபீஸ் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, கல்யாணம் நின்றுபோன செய்தி சொல்கிற மாதிரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நூற்றுத் தொண்ணூற்று நாலு கிராம் என்றார். நூற்றெண்பதைத் தாண்டினால் நடுவர்கள் தொடக்கூட மாட்டார்கள் என்று நீ சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய். பதினாலு கிராம் எங்கிருந்து வந்தது என்று மூன்று பேரும் உட்கார்ந்து தேடினோம். வாலுதான் கண்டுபிடித்தது. தையலுக்கு உள்ளே ஆறு மில்லிமீட்டர் துணி விட்டால் போதும் என்று படத்தில் போட்டிருந்தாய், என் கை பாட்டுக்கு எல்லாத் துண்டிலும் இரண்டு விரல் துணி விட்டிருக்கிறது. வளர்கிற பிள்ளைகளுக்குத் தைத்துத் தைத்து வந்த பழக்கம், பின்னால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று. உன் பள்ளிச் சீருடையையே ஐந்து வருஷம் அப்படித்தானே ஓட்டினேன். பாராசூட்டுக்கு இடுப்பு பெருக்காது என்று உன் அப்பா எனக்கு நிதானமாக விளக்கினார். நீ ராக்கெட் விடுகிறாய், உன் தங்கை கதை விடுகிறாள், நான் துணி விடுகிறேன், அவர் பெருமூச்சு விடுகிறார், ஆக இந்த வீட்டில் யாரும் சும்மா இல்லை.

உள்ளே மடித்து இரட்டைத் தையல் போட்டிருந்ததால் கத்தரியால் நறுக்கிவிடவும் வழியில்லை, எட்டுத் தையலையும் பிரித்துத்தான் ஆகவேண்டும். மூன்று நாள் வாடிக்கைக்காரர்களை எல்லாம் அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன், பிரித்து, மிச்சத் துணியை வெட்டி, பழைய ஊசித் துளையிலேயே ஊசி இறங்கும்படி மறுபடி தைத்தேன். இதற்கிடையில் உன் தங்கை, சோதனை செய்யாமல் அனுப்பக் கூடாது என்று விஞ்ஞானி மாதிரி சொல்லிவிட்டு, கடைசிக் கயிற்றைத் தவிர மற்றதெல்லாம் தைத்து முடித்த நேரம் பார்த்து, உன் அப்பாவின் சாப்பாட்டுக் கேரியரைக் கட்டி மொட்டை மாடியிலிருந்து விட்டிருக்கிறாள். (சோதனை வெற்றி. ஒரு பருக்கை சிந்தவில்லை.) சிந்தவில்லைதான், ஆனால் அது சாவகாசமாக ஆடி அசைந்து எதிர்வீட்டுப் பல் டாக்டரின் பால்கனியில் போய் இறங்கிவிட்டது. அவர் வாய் திறந்திருந்த ஒரு நோயாளியை அப்படியே விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாராம். பாராசூட்டை மடித்து, கேரியரைக் கழுவி, இரண்டையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். கழுவினார் என்றால் உள்ளே இருந்தது என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை. யார் தைத்தது, ரொம்ப நேர்த்தியாக இருக்கிறதே என்றார். வெளி நிறுவனம் என்று உன் அப்பா சொன்னார்.

இப்போது படிவம். பத்துக் கட்டமும் நிரப்பிவிட்டேன், துணி, நூல், தையலின் நீளம், செய்தவர் பெயர், எல்லாம். பதினோராவது கட்டத்தில், செய்தவருக்கும் அணியில் உள்ளவருக்கும் என்ன உறவு என்று கேட்டிருக்கிறார்கள். அதில் நீ பென்சிலால் லேசாக, எதுவும் இல்லை, என்று எழுதி, இதன்மேல் பேனாவால் எழுதவும் என்று அம்புக்குறி போட்டிருக்கிறாய். அம்புக்குறி ரொம்ப நேராக வந்திருக்கிறது, ஸ்கேல் வைத்துப் போட்டாயோ என்னவோ. உங்கள் விதிப்புத்தகத்தை உன் தங்கை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டாள், தன் பாடப்புத்தகத்துக்கு இதுவரை காட்டாத மரியாதை. உறவுக்காரர் செய்து கொடுக்கலாமாம், அதற்கு ஒரு மதிப்பெண்கூடக் குறையாதாம். மறைத்தது தெரிந்தால்தான் அணியையே வெளியே அனுப்புவார்களாம். அப்படியானால் உன்னோடு சேர்ந்து ஆறு பேருடைய ஒரு வருஷ வேலை இந்தச் சின்னக் கட்டத்துக்குள் இருக்கிறது. நெட்டைப் பையன் தன் படிவத்தில் மாமாவை மாமா என்றே போட்டிருப்பான் என்று நினைக்கிறேன், அந்த மாமா பட்டறை வைத்திருக்கிறார், நான் முன்னறையில் மிஷின் வைத்திருக்கிறேன், வித்தியாசம் எனக்கும் தெரியும். வாடிக்கையாளரைப் பிறந்த நாளிலிருந்து தெரியும் என்று எழுதலாம் என்று வாலு யோசனை சொன்னது. பேனாவால் எழுதிவிடு, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று நானும் ஒரு சாயங்காலம் முழுக்க நினைத்துப் பார்த்தேன். கை வரவில்லை. நானாக அங்கே சரியானதை எழுதி அனுப்பினாலும் உன்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி இருக்கும். அதனால் ரப்பரால் பென்சிலை அழித்துவிட்டு, கட்டத்தை வெறுமையாக விட்டுக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீயே எழுதிக்கொள். கட்டம் சின்னதுதான், ஆனால் மூன்றெழுத்து தாராளமாகக் கொள்ளும். வேறு எதையாவது எழுதினாலும் பாராசூட் விரியும், பயப்படாதே, அது படிவத்தைப் படித்துப் பார்த்துவிட்டு விரிவதில்லை.

நேற்று இதுவரை சொல்லி முடித்தபோது கடைசிக் கயிறும் கோர்த்தாயிற்று, காலையில் உன் அப்பா எடுத்துப் போனார். இப்போதுதான் ஆபீஸிலிருந்து போன் செய்தார், நூற்று எழுபத்தேழு கிராமாம், ஜெயித்த குரலில் சொன்னார், பார்சலைத் தன் கையாலேயே கட்டி முத்திரை குத்திவிட்டாராம். இந்த உறை தனியாக வரும். மேலே போவது பத்திரமாகக் கீழே வரட்டும், நீயும் உன் கூட்டாளிகளும் நன்றாக இருக்க வேண்டும். நான் மடித்திருக்கிற மடிப்பிலேயே உள்ளே வை, சுருக்கமாக இருக்கிறதே என்று இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு போகாதே, உருகிவிடும். வேளைக்குச் சாப்பிடு. படிவம் நடுவர்களிடம் போய்ச் சேரக் கடைசி நாள் இருபதாம் தேதி, கட்டம் வெறுமையாக இருந்தால் வாங்க மாட்டார்களாம்.

இப்படிக்கு,
பதினோராவது கட்டத்தில் நீ எழுதப்போகிறவள்.