காற்று வந்த வழி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நினைப்போடு இதை ஆரம்பிக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். பயப்படாதே, நல்ல சேதிதான்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஏழு வாரம் ஆகிறது. இதயத்தில் செய்த ஆபரேஷன் காயம் நன்றாக ஆறிவிட்டது, இனி நடக்க வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும் மனிதர் கூடத்து நாற்காலியை விட்டு அசையவில்லை. கம்பளிக்குள் சுருண்டுகொண்டு குளிருது குளிருது என்று ஒரே பாட்டு. ஹீட்டர் நாள் முழுக்க ஓடியும் குளிர் விடவில்லை. உன் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடுங்கப்பா என்றான். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது வருஷம் குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக்காக இருந்தவர், எதற்கும் இரண்டு கேள்வி கேட்காமல் சரி என்று சொன்னதே கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று. குளிர் அவர் உடம்பிலா வீட்டிலா என்று பார்த்துவிடலாம் என்று ஹீட்டரை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்திவிட்டு மெழுகுவத்தியோடு கிளம்பினேன். கூடத்து ஜன்னல் ஓரம் போனதுமே சுடர் படுத்துக்கொண்டது. இப்ப திரையைக் கொளுத்தப் போற, அதை அணைச்சுட்டு புறங்கையை நனைச்சுக் காட்டு, சில்லுன்னு தெரியும் என்றார் அப்பா. எனக்கு வந்த கோபத்தில், அவ்வளவு தெரிஞ்சவர் எழுந்து வந்து காட்டுங்களேன் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் கண்ணு, அவர் எழுந்துவிட்டார். நேரே வாசல் கதவுக்குப் போய், ஒரு காகிதத் துண்டை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தார், காகிதம் தடையே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தது. கிடங்குக் கதவுகளை இப்படித்தான் பார்ப்பார்களாம், காகிதம் சிக்கினால்தான் நல்ல கதவு. குளிரை வெளிய விடாம காவல் காத்தவன் வீட்டுல குளிர் உள்ள வந்து குடித்தனம் நடத்துது பாரு என்று அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

அப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஜன்னல் சட்டம், குழாய் நுழையும் ஓட்டை, பரண் மூடி என்று பதினொரு இடம் கண்டுபிடித்தார். மூன்று நாளாக ரப்பர் பட்டை ஒட்டுவதும் ஓட்டை அடைப்பதும்தான் வேலை. பரண் ஏணியில் அவரை நான் ஏற விடவில்லை, அதற்கு ஒரு சண்டை, கடைசியில் உன் அண்ணனை வரவழைத்து ஏற்றினோம். இந்த வீட்டையாடா விக்கச் சொன்ன என்று அப்பா கீழேயிருந்து கேட்டார். அவன், இன்னும் ரெண்டடி பட்டை குடுங்கப்பா என்றான், அவ்வளவுதான். குளியலறையில் மட்டும் இன்னும் குளிர் விடவில்லை, மற்றபடி ஹீட்டர் பாதி நேரம்தான் ஓடுகிறது. இன்று காலை எதிர்வீட்டுத் தையற்காரம்மா தன் வீட்டையும் பார்க்கச் சொன்னாள், அப்பா தனியாகவே தெருவைக் கடந்து போனார். நான் கூடப் போகவில்லை, வாசலில் நின்று பார்த்தேன். பாதியில் நின்று மூச்சு வாங்கினார், திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

நீயும் உன் வீட்டைப் பார். கேஸ் ஹீட்டர் உள்ள அறையில் புகை போகும் ஓட்டையை மட்டும் அடைக்காதே. அப்பா இதை இரண்டு தடவை எழுதச் சொன்னார். அடைக்காதே.

இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, மனம் நிறைந்து வாழ வேண்டும்.

உன் அம்மா