பதினோரு நிமிடத் தண்ணீர்

ஜனவரி 9, 2024. செவ்வாய்

தொலைக்காட்சி நாடகச் சங்கத்தின் செயற்குழுக் கூட்டம், நூலகத்தின் பின்னறையில். ஃபிளாஸ்க் காப்பி வழக்கம்போல் ஆறிப்போயிருந்தது. நால்வரும் வந்திருந்தோம். தலைவன் கோர்ம், பல் மருத்துவன். எதிராளி வாயைப் பிளந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடக்கும்போதே பேசிப் பழகியவன். செயலாளர் போடில், யாராவது தும்மினாலும் குறிப்பேட்டில் ஏற்றிவிடுவாள். நூலகர் சீஸல், எல்லோரையும் நம்புகிறவள். பிறகு நான், எஸ்கில்: இருபத்தாறு வருடம் மேல்நிலைப் பள்ளியில் இலக்கியம் நடத்தியவன், தலைவர் தேர்தலில் கோர்மிடம் மூன்று முறை தோற்றவன். மூன்றாவது முறை என் ஓட்டு மட்டும்தான் எனக்கு விழுந்தது.

நூலகத்துக்கு நூறு வயதாகிறது. உலகத்தின் தலைசிறந்த பத்து தொலைக்காட்சி நாடகங்களை நாங்கள் தேர்ந்து சொல்ல வேண்டுமாம். வாசலருகே தனி அலமாரி, பித்தளைத் தகடு, அதில் பெயர்கள். நிரந்தரமாக.

கோர்ம் உடனே ‘ரொட்டிக்கடைக் குடும்பம்’ என்றான். நாற்பத்து நான்கு பாகம். அதில் பன்னிரண்டாம் பாகத்தில் செத்த மாமன் முப்பதாம் பாகத்தில் மாவு பிசைகிறான். சொன்னேன்.

“அது வேற மாமன்யா.”

“அதே மீசை.”

“அந்தக் குடும்பத்துக்கே அந்த மீசைதான்.”

நான் ‘மதகுக் காவலர்’ என்றேன். ஆறே பாகம், 1979. அதன் முடிவையும் மறுபடி சொன்னேன்: கிழவர் மதகைத் திறந்துவிட்டு நடந்து போகிறார், அப்புறம் பதினோரு நிமிடம் வசனமில்லை, இசையில்லை, தண்ணீர் மட்டும். டென்மார்க்கில் என்ன, உலகத்திலேயே இப்படியொரு முடிவு கிடையாது. சீஸல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

கோர்ம் சொன்னது: “தண்ணி ஓடுறதப் பாக்கணும்னா என் கிளினிக்குக்கு வா. வாய் கொப்பளிக்கிற தொட்டி இருக்கு.”

அவன் வாயை அடைக்க ஒரு விதி கொண்டுவந்தேன்: செயற்குழு சேர்ந்து உட்கார்ந்து முதல் பாகம் முதல் கடைசிப் பாகம் வரை பார்க்காத எதுவும் பட்டியலில் ஏறக்கூடாது. நாற்பத்து நான்கு பாகம் எவன் உட்காருவான்? விதி நிறைவேறியது. நால்வரும் கை தூக்கினோம். கோர்ம் கொஞ்சம் சீக்கிரமாகவே தூக்கினான்.

ஜனவரி 10

ஏன் அந்த வாயைத் திறந்தேன்.

ஜனவரி 16, செவ்வாய்

சீஸல் சிரித்துக்கொண்டே வந்தாள். ஆவணக் காப்பகத்தில் ‘மதகுக் காவலர்’ ஆறு பாகமும் பத்திரமாக இருக்கிறதாம்; நமக்கு அனுமதி கிடைத்துவிட்டதாம். “உனக்குத்தான் எஸ்கில் முதல்ல சொல்லணும்னு ஓடி வந்தேன்.”

நன்றி சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

இங்கேயாவது உண்மையை எழுதிவிடுகிறேன். நான் ஆறாம் பாகத்தைப் பார்த்ததில்லை. எனக்குப் பத்து வயது. அந்த ஞாயிற்றுக்கிழமை பனிப்புயலில் எங்கள் பக்கம் முழுக்க மின்சாரம் போய்விட்டது. 1983-இல் மறு ஒளிபரப்பு செய்தார்கள். ஆறாம் பாகம் வந்த அன்று தேவாலயத்தில் எனக்கு உறுதிப்பூசுதல் சடங்கு, வீட்டில் விருந்து. நான் கழுத்தில் பட்டி கட்டிக்கொண்டு சித்தப்பாக்களின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதோடு சரி. பதினோரு நிமிடத் தண்ணீர் என்பது ஒரு பழைய பத்திரிகை விமர்சனத்தில் படித்தது. அதை வைத்துத்தான் பல்கலைக்கழக ஆய்வேட்டில் பதினான்கு பக்கம் எழுதினேன். அதை வைத்துத்தான் இருபத்தாறு வகுப்புகளுக்கு மௌனம் என்றால் என்ன என்று பாடம் நடத்தினேன்.

இந்த ஊரில் எனக்கென்று வேறு என்ன இருக்கிறது? விவாகரத்தில் வீடு பாதி போயிற்று. மனைவி முழுதாகவே போய்விட்டாள். ‘மதகுக் காவலரைப் பார்த்தவன்’ என்ற பேர் ஒன்றுதான். அது கோர்ம் கண்ணெதிரில் போகப் போகிறதா?

விமர்சகர் சொன்னது சரியாக இருந்தால் பயமில்லை. ஏன் தப்பாக இருக்கப்போகிறது? பத்திரிகையில் வந்தது.

ஜனவரி 28, ஞாயிறு

முதல் இரண்டு பாகம். நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. கோர்ம் “மோசமில்ல” என்றான். அவன் வாயில் இது பாராட்டு. எரிச்சலாக வந்தது. அவனுக்குப் பிடித்துவிட்டால் அப்புறம் எனக்கு என்ன மிச்சம்?

பிப்ரவரி 4, ஞாயிறு

மூன்று, நான்கு. காலையில் போடிலைக் கூப்பிட்டு, சளி, ஒரு மாதம் தள்ளி வைப்போமா என்றேன். “கம்பளி போத்திக்கிட்டு பின்னால உக்காருப்பா. நாள் குறிப்பேட்டுல ஏறிடுச்சு.” அதற்கு மேல்முறையீடு கிடையாது.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று முகமூடித் திருவிழா வேறு. மதியம் கடைத்தெருவில் பீப்பாய் உடைக்கும் விளையாட்டில் கோர்ம் கடைசிப் பலகையை உடைத்து, ஜெயித்தவனுக்குத் தரும் ‘பூனை ராஜா’ பட்டத்தைப் பிடித்துவிட்டான். அறுபத்திரண்டு வயது. காகிதக் கிரீடத்தைக் கழற்றாமலே நூலகத்துக்கு வந்தான். எல்லோருக்கும் கிரீம் பன்.

ஐந்தாம் பாகம் ஓடியது. ஆறாம் பாகம் ஓடியது.

கிழவர் மதகைத் திறக்கவே இல்லை. விதவையைக் கல்யாணம் செய்துகொள்கிறார். அக்கார்டியன் வாசிக்கிறார்கள். ஊரே ஆடுகிறது. கழுத்தில் ரிப்பன் கட்டிய ஒரு வாத்து மேசைமேல் ஏறி கேக்கைத் தின்கிறது; எல்லோரும் சிரிக்க, அந்தச் சிரிப்பிலேயே படம் முடிகிறது. தண்ணீர் என்று பார்த்தால் ஒரு ஜாடியில் இருந்தது.

போடில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழகாம். சீஸல் கைதட்டினாள். பிறகுதான் மூன்று பேரும் மெல்ல என் பக்கம் திரும்பினார்கள்.

“தண்ணி எங்கய்யா?” என்றான் கோர்ம், கிரீடத்தோடு.

அந்த விமர்சகர் வீட்டிலும் அன்று மின்சாரம் போயிருக்க வேண்டும். இப்போது புரிந்து என்ன பயன்.

நான் என்ன சொன்னேன் என்றால் — எழுதவே கூசுகிறது — “இது மாத்துன முடிவு. முதல்ல வந்தது வேற. எங்க ஃப்யூன் தீவுல மட்டும் பழைய முடிவ ஒரே ஒரு தடவ போட்டாங்க. அப்புறம் மேலிடம் பயந்துபோய் மாத்திடுச்சு.”

போடிலின் பேனா மட்டும் ஓடியது.

பிப்ரவரி 13

சீஸல் காப்பகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டாள். “அந்தப் பழைய முடிவைக் கண்டுபிடிக்காம விடமாட்டேன். உன் ஒருத்தன் நினைப்புல மட்டுமா அது இருக்கணும்?” என்கிறாள். நல்லவர்களிடம் பொய் சொல்லவே கூடாது. உடனே வேலையில் இறங்கிவிடுகிறார்கள்.

பிப்ரவரி 15

நூலக வாசலில் சுவரொட்டி: தொலைந்த முடிவு, உயிரோடிருக்கும் ஒரே சாட்சி நம் ஊரில். கீழே என் படம், பதினைந்து வருடத்துக்கு முந்தையது. ரொட்டி வாங்கப் போன இடத்தில் கடைக்காரம்மா என்னைப் பார்த்து “பதினோரு நிமிஷமா?” என்றாள். தலையாட்டினேன். கறுப்பு ரொட்டியை எப்போதையும்விடக் கவனமாகக் கட்டிக் கொடுத்தாள்.

பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, இது என் நாட்குறிப்பு.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஆண்டுப் பொதுக்கூட்டம். முப்பத்து மூன்று பேர். வரிசைப்படி எழுதுகிறேன்.

ஐந்தாவது பொருள், பட்டியல். முதலிடத்துக்கு ‘மதகுக் காவலர், தொலைந்த முடிவுடன்’ என்று சீஸல் முன்மொழிந்தாள். கைதட்டல். கோர்ம் எதிர்ப்பான் என்று காத்திருந்தேன். எழுந்தான். தொண்டையைச் செருமினான்.

“எஸ்கில் மட்டும் சாட்சி இல்ல. அந்த முடிவ நானும் பார்த்தேன்.”

நான் திரும்பி அவனைப் பார்த்தேன்.

“எனக்குப் பதினேழு வயசு. தண்ணி. சத்தமே இல்ல. அப்புறம் கரையில ஒரு நாரை வந்து ஒத்தக்கால்ல நின்னுச்சு. எஸ்கில் ஏன் அந்த நாரையச் சொல்லவே மாட்டேங்குறான்னு இத்தன வருஷமா யோசிக்கிறேன்.”

கூட்டம் சலசலத்தது. பின்வரிசையில் ஒரு கிழவர், “ஆமா, நாரை,” என்றார். “சாம்பல் நாரை,” என்றாள் இன்னொருத்தி. ஐந்து நிமிடத்தில் ஒன்பது பேர் பார்த்திருந்தார்கள். ஒருவர் அது பறந்து போனதைக்கூடப் பார்த்திருந்தார்.

நாரை. என்னுடைய தண்ணீரில் நாரை. அந்தப் பதினோரு நிமிடத்தின் உயிரே அதில் ஒரு ஜீவனும் இல்லை என்பதுதான். அதைத்தானே பதினான்கு பக்கம் எழுதினேன்? ஒரு பல் மருத்துவன் எழுந்து நின்று அதில் பறவையை விடுகிறான், ஊர் தலையாட்டுகிறது. ஓட்டெடுப்பு. ஒருமனதாக முதலிடம். மற்ற ஒன்பதும் கைதட்டலிலேயே ஏறின; என் விதி யாருக்கும் நினைவில்லை. ‘ரொட்டிக்கடைக் குடும்பம்’ பட்டியலிலேயே இல்லை. கோர்ம் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

எங்கள் ஊரில் எந்தச் சங்கமானாலும் நிகழ்ச்சி நிரலில் கடைசிப் பொருள் ‘இதர விஷயங்கள்’. அதில் எதை வேண்டுமானாலும் பேசலாம். எதையும் ஓட்டுக்கு விடக்கூடாது. பேசியவனை நீக்கவும் முடியாது, பேசியதை நிறைவேற்றவும் முடியாது. அதற்காகத்தான் காத்திருந்தேன். எழுந்தேன்.

“நாரை கிடையாது,” என்றேன். “தண்ணியும் கிடையாது. நான் பார்க்கல. அன்னிக்கு கரண்டு இல்ல. நான் சொன்னதெல்லாம் பேப்பர்ல படிச்சது, அந்த ஆளும் பார்க்கல. இத்தன வருஷமா பொய் சொல்லிட்டேன். போதுமா?”

சீஸல் முகத்தை நான் பார்க்கவில்லை.

பின்வரிசைக் கிழவர்தான் பேசினார், ரொம்பக் கனிவாக: “தம்பி, உனக்கு அப்போ பத்து வயசு. மறந்திருப்ப. நாங்க பார்த்தோம்ல.”

“நான் மறக்கல. பார்க்கவே இல்ல.”

“அதைத்தான் சொல்றேன். மறந்துட்ட.”

எல்லோரும் என்னைப் பார்த்து இரக்கத்தோடு தலையசைத்தார்கள். கோர்ம் கூட்டத்தை முடித்தான். காப்பிக்கு வரிசை.

பிப்ரவரி 21

போடில் கூட்டக் குறிப்பை அனுப்பியிருக்கிறாள். ‘இதர விஷயங்கள்: எஸ்கில், தான் அதைப் பார்க்கவில்லை என்று கூறினார். முடிவெடுக்க இயலாத பொருள். காப்பி வழங்கப்பட்டது.’

பிப்ரவரி 22

சீஸல் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஐந்து நிமிடம் திட்டினாள். அவள் மட்டும்தான் நான் சொன்னதை நம்பியிருக்கிறாள். கடைசியில், “தகட்டுல ஏற்கெனவே பொறிச்சாச்சு, இனி அழிக்க முடியாது,” என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. சிரித்த மாதிரி இருந்தது.

பிப்ரவரி 27, செவ்வாய்

கடைவாய்ப் பல் ஒரு வாரமாக வலி. ஊரில் இருப்பது ஒரே பல் மருத்துவன், போனேன். ஊசி போட்டு, வாயில் பஞ்சைத் திணித்து, உறிஞ்சு குழாயை மாட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“நானும் பார்க்கலய்யா.”

நான் ஏதோ சத்தம் போட்டேன்.

“தலைய ஆட்டாத. அன்னிக்கு எங்க வீட்லயும் இருட்டுதான். ஆனா நீ அந்தத் தண்ணியச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இவன் மட்டும் பார்த்திருக்கானே, நாம இத்தன வயசாகியும் பார்க்கலயேன்னு. அந்த ரொட்டிக்கடையெல்லாம் உன்னக் கடுப்பேத்தத்தான் சொல்லுவேன். அதுல மாமன் ஒருத்தன்தான், எனக்குத் தெரியும். வாயத் தொற. இன்னும்.”

நாரை?

கேட்க முடியவில்லை, ஆனால் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும்.

“நாரை எப்படி வந்துச்சுன்னு தெரியல. எந்திரிச்சு நின்னேன், வந்து நின்னுருச்சு.”

மரத்த வாயோடு வீட்டுக்கு நடந்தேன். சிரித்தால் ஒரு பக்கம்தான் சிரிக்க முடிந்தது.

மார்ச் 10, ஞாயிறு

அலமாரித் திறப்பு. தகடு பளபளக்கிறது. முதல் தட்டு காலி. தொலைந்த முடிவுக்காக இடம் விட்டிருக்கிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். என்னையும் கோர்மையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கேட்டாள்: “அந்த நாரை எந்தப் பக்கக் கரையில நின்னுச்சு?”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“இடது,” என்றான் கோர்ம்.

“எப்படிய்யா இடது? வெளிச்சம் வலப்பக்கத்துலேர்ந்து வருது. இடது கரையில நின்னா அது நிழல்ல போயிடும், ஒரு மண்ணும் தெரியாது.”

“நிழல்ல நிக்கிறதுதான்யா அழகு.”

“பல்லு பிடுங்குறவனுக்கு அழகப்பத்தி என்ன தெரியும்?”

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கிரீம் கேக் எடுக்கப் போய்விட்டாள். நூலகத்தைப் பூட்டும்வரை பேசினோம். அப்புறம் வாகன நிறுத்தத்தில். மழை தூறியது. தீரவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு கோர்ம் என் வீட்டுக்கு வருகிறான், கரையை வரைந்து காட்ட, பென்சிலும் கட்டம் போட்ட தாளும் கொண்டு. ஜன்னலோர நாற்காலியை அவனுக்குக் கொடுக்கிற உத்தேசம் இல்லை. இன்னொரு நாற்காலியின் மேலிருந்த பழைய பத்திரிகைகளை எடுத்துத் தரையில் வைத்தேன்.