என் முகத்தைக் காட்டி ஒரு கடன்

அம்மா,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். நைட் ட்யூட்டி முடிஞ்சு வந்ததும் சுட வச்சு சாப்பிடு, பசியோட படுத்துடாத. உன் ஆஸ்பத்திரி டிரஸ் இன்னும் காயல, ஃபேனுக்குக் கீழ போட்டிருக்கேன். நான் மாடி வீட்டு டெய்லர் அக்காகிட்ட படுத்துக்கப் போறேன்.

அப்பா போன்ல சீட்டாடுறத விட்டுட்டாருன்னு என்கிட்ட சண்ட போட்டியே, விடலம்மா. அவரு பேர்ல இனிமே எவனும் கடன் தரமாட்டானாம். எனக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு இல்ல, அதான் என் பேர்ல கேக்குறாரு. போன் முன்னாடி மூஞ்சிய காட்டி, கண்ண தொறந்து மூடினா பணம் வந்துடுமாம். சாயங்காலமே முடியாதுன்னு சொல்லிட்டேன்.

இப்ப தூக்கத்துல திடீர்னு முழிப்பு வந்துச்சு. மூஞ்சிக்கு நேரா போன் வெளிச்சம். "தங்கம், ஒரே ஒரு தடவ கண்ண தொறம்மா, அப்பாவுக்காக"ன்னு மெதுவா கெஞ்சுறாரு. நான் இறுக்கி மூடிக்கிட்டேன். ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் போர்வைய இழுத்துப் போத்தி விட்டுட்டுப் போயிட்டாரு.

லைட் போடாம எழுதுறேன், எழுத்து புரியுதா?

வந்ததும் அவர திட்டாத.

இன்னொண்ணு. அடிப்பாருன்னு பயந்துகிட்டு நான் போகலம்மா. இன்னொரு வாட்டி அப்படிக் கெஞ்சினா தொறந்துடுவேன். அதான் போறேன்.