கலைமணியிடம் சொன்ன பொய்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஓட்டலில் ஓர் அறைகூடக் காலியில்லை. பனியன் ஆர்டருக்கு வந்த வெளியூர்க்காரர்கள். வாங்க வேண்டியது: துடைக்கிற துணி, பல்பு இரண்டு, அம்மாவுக்கு மாத்திரை.

டிபன் ஹாலில் கலைமணி. காது கேட்காது, பேச்சும் இல்லை. இரண்டு வருடமாக என் மேற்பார்வையில். படம் போட்ட மெனு அட்டை அவள் யோசனைதான்; சாப்பிட வருகிறவர் தொட்டுக் காட்டினால் போதும். இன்று 'முறுகலாக ஒரு தோசை'க்குச் சைகை சொல்லிக் கொடுத்தாள். நான் செய்ததைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

மூன்றாம் மேசைக்காரர் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறார். அவளுக்குத் தெரியவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தல். மேசைதோறும் பொத்தான், அமுக்கினால் விளக்கு எரிய வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தது இரண்டு மாதமாக மேனேஜரிடம் கிடக்கிறது.

மேனேஜர் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்தப் புள்ள இனி ஹாலுக்கு வேண்டாமுங்க. பின்னாடி பாத்திரம் கழுவட்டும். யாரு கண்ணுலயும் படக்கூடாது."

"சரிங்க சார்." அவ்வளவுதான் என் வாயில் வந்தது.

வெளியே வந்து அவளிடம், பாத்திரம் கழுவ உள்ளே ஆள் இல்லை, இரண்டு நாளைக்கு மட்டும் என்று கையால் சொன்னேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தலையாட்டினாள்.

ஜூலை 9, புதன்

வெயில். சலவைக்குப் போனதில் நான்கு துண்டு குறைவு.

கலைமணி வரவில்லை. சீருடை மட்டும் மடித்து என் அலமாரியில். மேலே ஆர்டர் சீட்டில் அவள் எழுத்து: "கண்ணாடி வழியா மேனேஜர் வாயசைவப் படிச்சுட்டேன் அக்கா. நீங்களாவது நெசத்தச் சொல்லுவீங்கன்னுதான் நின்னேன்."

சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 11, வெள்ளி

நேற்று மேனேஜரிடம் சண்டை. வேலை போனாலும் சரி என்று எல்லாம் கொட்டினேன். கடைசியில் இறங்கி வந்தார். விளக்கு வைக்கலாம், அவள் ஹாலிலேயே இருக்கலாம். இந்த வாய் செவ்வாய்க்கிழமை எங்கே போனது?

சாயங்காலம் மண்ணரையில் கலைமணி வீட்டுக்குப் போனேன். வாசலில் அவள் அம்மா.

"வாங்க கண்ணு. ஊட்டுலதான் இருக்கறா. பனியன் கம்பெனில செக்கிங் வேலைக்கு நாளைக்கே வரச் சொல்லீட்டாங்க."

கலைமணி எழுந்து வந்தாள். ஹால், விளக்கு, மேனேஜர், எல்லாம் கையால் சொன்னேன். கவனமாகப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது கண்களை மூடிக்கொண்டாள்.

"அக்கா பேசறாங்க, பாரு சாமி" என்று அம்மா தோளைத் தொட்டார்.

திறக்கவில்லை. என் கைகள் இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தன.