மடிப்பு வெட்டாத பாதி

என் அமிர்தம் அக்கா,

இல்லை, பொய் சொல்லவில்லை. முடிவு எனக்குத் தெரியாது என்றுதான் வகுப்பில் சொன்னேன்.

இன்று திங்கட்கிழமை. நம் தீவில், ரோஸ் ஹில்லில் ஒரு பெண்கள் பள்ளி. அங்கே நான் ஆங்கில ஆசிரியை, நம்புவாயா? நான்காம் பாரத்துப் பெரிய பெண்களுக்குப் புது நாவல் தொடங்கினேன். பள்ளி கேட்டிருந்தது வேறு புத்தகம், கப்பலில் வந்து இறங்கியது இது. வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்து மேலட்டையைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். நம் புத்தகம். கலங்கரை விளக்கக் காவலரின் மகள் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பனியில் வீட்டைவிட்டுக் கிளம்புகிற அதே கதை.

முதல் அத்தியாயத்தை வாசித்து நிறுத்தினேன். முன் பெஞ்சில் பார்வதி என்றொரு பெண் கையைத் தூக்கினாள்.

"மிஸ், கடைசியில அவ வீட்டுக்குத் திரும்பிப் போவாளா?"

"தெரியாது."

"படிக்கலையா மிஸ்?"

"பாதி படித்திருக்கிறேன்."

பின் வரிசையிலிருந்து தெரேஸ் கிரியோல் மொழியில் சொன்னாள்: "அப்போ மிஸ்ஸுக்கும் வீட்டுப்பாடம் இருக்கு!"

வகுப்பே சிரித்தது. நானும்தான்.

போன வாரம் கேட்டிருந்தால் தயங்காமல் பதில் சொல்லியிருப்பேன். பத்து வருடமாக அந்த முடிவு எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே புத்தகம். அதைத் தினமும் யார் வைத்திருப்பது என்று நாம் போட்ட சண்டையில் பெரியப்பா பொறுமை இழந்தார். கரும்பு வெட்டும் கத்தியைத் தீட்டி, புத்தகத்தை மரக்கட்டைமேல் விரித்து, முதுகில் ஒரே போடு. "இந்தா, ஆளுக்குப் பாதி. இனி வாயத் திறக்கக்கூடாது." பெரியம்மா கோணி ஊசியால் இரண்டு பாதியையும் தைத்துக் கொடுத்தாள்.

நீ இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டாய். மூன்று மாதம் மூத்தவள். அந்த மூன்று மாதத்தை ஒருநாளும் எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை. "முடிவு கெட்டதா இருந்தா நீ தாங்கமாட்ட. நான் முதல்ல பாக்கறேன்" என்றாய்.

அது மடிப்பு வெட்டாமல் வந்த புத்தகம். தாள்களின் ஓரம் மடிந்து மூடியே இருக்கும்; படிக்கப் படிக்க ஒவ்வொரு தாளையும் கத்தியால் பிரிக்க வேண்டும். நான் அடுப்படிக் கத்தியால் பிரித்துப் படித்து, மோகா ரயிலில் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் உனக்குச் சொன்னேன். என் பாதியின் கடைசி வரி அந்தரத்தில் நின்றது. அவள் பனியில் நடந்து வந்து, முன்பின் தெரியாத ஒரு வீட்டின் கதவைத் தட்டுகிறாள். உள்ளேயிருந்து. அந்தச் சொல்லோடு என் தாள் தீர்ந்தது.

மறுநாள் காலை ரயிலில் நீ உன் பாதியைச் சொல்லத் தொடங்கினாய்.

அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பனி பெய்கிற ஊரில் நம் தீவுப் புயல் வந்து கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த வீட்டுக்காரி மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். "இங்கிலீஷ்காரங்களுமா?" என்று கேட்டேன். "பசின்னா எல்லாரும் ஒண்ணுதான், கேளு" என்றாய். கேட்டேன். சென்னையில் நான்கு வருடம் ஆங்கில இலக்கியம் படித்த பிறகும் அந்தப் பழைய சோற்றை நான் சந்தேகிக்கவில்லை. அதற்குப் பெயர் என்ன அக்கா? அன்பா, மந்தபுத்தியா?

கடைசிப் பகுதியைக் குளிர்காய்ச்சலில் படுத்துக்கொண்டே சொன்னாய். அந்த வருடத்தோடு உன் படிப்பை நிறுத்தக் கல்யாணம் பேசியிருந்தார்கள். கதையில் அவள் வீடு திரும்பவில்லை. கூலிக்குப் போய்க் காசு சேர்த்து, ஒரு துண்டு நிலம் தன் பெயரில் எழுதி வாங்கினாள். ஒரு கரும்பு வெட்டுக் காலத்தில் அவள் அப்பா வரப்பில் வந்து நின்று தண்ணீர் கேட்டார். கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. "அவ்வளவுதான்" என்று கண்ணை மூடிக்கொண்டாய். அந்த வாரமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

சனிக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பாடம் நடத்துவதற்கு உன் பாதியும் என் கையில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"கண்ணாடி போட்டுட்டியா?" என்றாள் பெரியம்மா. "கண்ணு போற அளவுக்கு அப்படி என்னத்தடி படிச்ச?"

"அக்காவோட பாதிப் புத்தகம் இருக்கா பெரியம்மா?"

டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கற்பூர வாசனை. "புதுசாத்தான் இருக்கும். அவ எங்க அதைத் தொட்டா? மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால உக்காந்து தனக்குத்தானே பேசிக்கிட்டிருப்பா. காய்ச்சல் வர்றதுக்கு முன்னாலேயே அப்படித்தான். பரீட்சைக்கு மனப்பாடம் பண்றான்னு நெனச்சேன்."

வாங்கிப் பிரிக்கப் பார்த்தேன். பிரியவில்லை. ஒரு தாள்கூட வெட்டப்படவில்லை, அக்கா. முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை மடிப்பு மடிப்பாக அப்படியே இருந்தது.

ஆங்கிலம் கடினமாக இருந்ததா? அந்த முடிவு கெட்டதாக இருக்கும் என்று பயந்தாயா? இல்லை, கத்தியை எடுக்கும் முன்பே உனக்கு வேறு கதை வந்துவிட்டதா?

காபி குடித்தேன். ரயிலேறினேன். மடியில் உன் பாதி.

பள்ளியின் முழுப் பிரதி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. தாள்கள் ஒழுங்காக வெட்டப்பட்டவை. அடுத்த வகுப்பு புதன்கிழமை. அதற்குள் படித்தாக வேண்டும், அது என் வேலை. நேற்றெல்லாம் அதைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அச்சில் இருப்பது உள்ளே வந்தால், நீ சொன்னது வெளியே போய்விடுமோ?

உன் போட்டோ ஒன்றுகூட இல்லை. உன் கையெழுத்துக் கிடைக்குமென்று தேடினேன், அதுவும் இல்லை. நீ செய்துவிட்டுப் போனது என்று இந்த உலகத்தில் இருப்பது அந்த முடிவு ஒன்றுதான். அது என் ஒருத்தியிடம் இருக்கிறது. அதிலும் கொஞ்சம் நழுவிவிட்டது. கதவைத் திறந்தாளே அந்த வீட்டுக்காரி, அவளுக்கு நீ ஒரு பெயர் வைத்திருந்தாய். என்ன பெயர் அது?

தெரேஸ் சிரிப்பாகச் சொன்னது சரிதான். எனக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் முடிவை முழுக்க எழுதி முடிக்கும்வரை அச்சிலிருக்கும் முடிவைத் தொடமாட்டேன். புயலையும் பழைய சோற்றையும் விடமாட்டேன். மறந்த பெயரின் இடத்தைக் காலியாகவே விடுவேன், நானாக ஒன்றை இட்டு நிரப்பமாட்டேன். பரீட்சைக்கு வேண்டியதைப் புத்தகத்தில் உள்ளபடி நடத்துவேன். நாவல் முடிகிற நாளில் அந்தப் பெண்களுக்கு உன்னுடையதையும் வாசிப்பேன், உன் பெயரைச் சொல்லி. உன் பாதியின் மடிப்புகளை யாரும் வெட்டமாட்டார்கள்.

மூன்று மாதம் இளையவளாக இருந்து, உன்னைக் கேட்காமலே பத்து வருடம் மூத்தவளாகிவிட்ட
உன் தங்கை
தேவகி

கடிதத்தை மடித்து உன் பாதிக்குள் வைத்தேன். பள்ளிப் பிரதியை அலமாரியில் போட்டுப் பூட்டினேன். கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, முதல் வரியில் 'உள்ளேயிருந்து' என்று எழுதி, மேலே எழுதத் தொடங்கினேன்.